நாடகம் பார்க்கப் போகிறோம்: அக்டோபர் 11, 2025, சனி

லண்டன் நண்பர்களுக்கு வணக்கம்.

நோயல் கவர்ட் தியேட்டரில் ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் ஏர்னஸ்ட்' நடக்கிறது. அக்டோபர் 11, சனிக்கிழமை மதியக் காட்சிக்குச் சேர்ந்து போகலாம். தீபாவளி நெருக்கத்தில் வேண்டாம் என்று பலர் கேட்டதால்தான் இந்தத் தேதி.

1895இல் இதே லண்டனில் முதலில் மேடையேறிய நகைச்சுவை. நம்மில் சிலர் கல்லூரியில் பாடமாகப் படித்திருப்போம். ஆனால் மேக்ஸ் வெப்ஸ்டரின் இயக்கம் வேறு மாதிரி: வைல்ட் அன்று பூடகமாக மட்டுமே சொல்ல முடிந்த தன்பாலின ஆசைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. வசனம் பெரும்பாலும் அப்படியே, உடையும் நடிப்பும் கொண்டாட்டம். நாடகத்தின் கண்டிப்பான அத்தை லேடி பிராக்னெல்லாக வருபவர் நடிகர் ஸ்டீபன் ஃப்ரை! இந்த வசனங்களைக் காதால் கேட்பதுதான் சுகம், தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

1. வருபவர்கள் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் செப்டம்பர் 26, வெள்ளி இரவு 9 மணிக்குள் இங்கே பதிவிடுங்கள்.
2. படி ஏறச் சிரமப்படுபவர்கள் இப்போதே சொல்லுங்கள். மேல்தளம் ரொம்பச் செங்குத்து, கீழ்த்தள இருக்கை கேட்கிறேன்.
3. டிக்கெட் விலை தெரிந்ததும் சொல்கிறேன், அப்புறம் பணம் அனுப்பினால் போதும்.
4. மதியம் 1.30க்கு லெஸ்டர் ஸ்கொயர் ஸ்டேஷன் வாசலில் கூடுவோம்.
5. சீண்டலான வேடிக்கைகள் உண்டு. சின்னப் பிள்ளைகளை அழைத்து வருவது உங்கள் முடிவு.

வர முடியாதவர்களும் 'இல்லை' என்று ஒரு வரி போடுங்கள்.