இடுப்புக்கு ஒன்று, இலக்குக்கு வேறொன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கி உரிமம் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். மதுரைப் பக்கம் தற்காப்புக்கு உரிமம் வாங்கும் வியாபாரிகள் பலர், அதே துப்பாக்கியில் போட்டிக்கும் பழகிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அது சரிவராது.

முதல் வித்தியாசம் ட்ரிகர். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தில் சுடுவது) போட்டியில் ட்ரிகர் எடை, அதாவது அதை அழுத்தத் தேவையான விசை, 500 கிராம் இருந்தால் போதும், 25 மீட்டர் போட்டியின் .22 (0.22 அங்குலக் குழல்) பிஸ்டலுக்கு 1,000 கிராம். அவ்வளவு லேசான ட்ரிகர் உள்ள .22-ஐ இடுப்பில் வைத்தால், உறையில் செருகும்போது சட்டை நுனி மாட்டினாலே தொடையில் குண்டு பாயலாம். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரில் ஹேமரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் பின்புறச் சுத்தியை) பின்னுக்கு இழுக்காமல் அழுத்திப் பாருங்கள், ட்ரிகர் பல மடங்கு கனக்கும். அந்தக் கனம்தான் பாதுகாப்பு. தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி அழுத்தினால் போதும், அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலில் ஸ்லைடை (குழலின் மேல் நகரும் பாகத்தை) இழுத்து விட வேண்டும். பதற்றத்தில் பழகாத கைக்கு அது வராது. எப்போதாவது மட்டும் சுட்டுப் பழகுபவர் ரிவால்வரே வாங்கட்டும். (9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட ரகம், அதைக் கேட்டு அலைய வேண்டாம்.)

அந்த ரிவால்வர் இலக்குக்கு ஏன் ஆகாது? குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 12 செ.மீ.தான். சைட் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் குண்டு 83 மி.மீ. தள்ளிப் போகும். 32 செ.மீ. இடைவெளி உள்ள ஏர் பிஸ்டலில் அதே பிழை 31 மி.மீ.தான். ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ வெறும் 11.5 மி.மீ.

போட்டி ஆசை உள்ளவர் ஏர் பிஸ்டலில் தொடங்கட்டும். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ளதற்கு உரிமம் வேண்டாம். கிரிப் உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா என்று பிடித்துப் பார்த்தே வாங்க வேண்டும். 4.49, 4.50 மி.மீ. என இரண்டு அளவு பெல்லட்டையும் (ஏர் பிஸ்டல் குண்டையும்) சுட்டுப் பார்த்து, எது ஒரே இடத்தில் கூடுகிறதோ அதையே எடுங்கள். காற்று சிலிண்டரில் தையல் மெஷின் எண்ணெய் விடவே கூடாது. உயர் அழுத்தத்தில் தீப்பற்றும். ரப்பர் வளையத்துக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே. சிலிண்டரில் பொறித்துள்ள காலாவதித் தேதியையும் பாருங்கள்.

இடுப்பில் வைப்பவருக்கு நம்மூர் வியர்வை பெரும் எதிரி. வேட்டி மடிப்பில் செருகினால் ட்ரிகர் மூடப்படாது, உப்பும் ஏறும். தோல் உறையில் மாதக்கணக்கில் கிடக்கும் பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அது துப்பாக்கியின் தோட்டா அறையில் இறுகிக்கொள்ளும். இரவில் தோட்டாக்களை எடுத்துத் துடைத்து, துப்பாக்கியில் மெல்லிய எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே பூட்டி வைக்க வேண்டும்.

2016 ஆயுத விதிகள் உரிமம் கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றைக் கட்டாயமாக்கியுள்ளன. அந்தப் பயிற்சியில், அவரவர் வாங்கப்போகும் ரகத்திலேயே உறையிலிருந்து எடுப்பது, திரும்பச் செருகுவது, வெடிக்காத தோட்டாவை அகற்றுவது மூன்றையும் செய்துகாட்டச் சொல்ல வேண்டும் என மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

– துப்பாக்கி சுடுதல் பயிற்சியாளர்,
திருநகர், மதுரை