ஓட்டிசமுள்ள பிள்ளையின் வீட்டையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒவ்வோர் ஆண்டும் உலக ஓட்டிச விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2ஆம் திகதியை ஒட்டி ஓட்டிசம் பற்றிப் பத்திரிகைகளில் கட்டுரைகள் வருகின்றன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, முகம் பார்த்துக் கதைக்காதது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது முதலான அறிகுறிகளை அவை நன்றாகவே விளக்குகின்றன. ஆனால் அந்தப் பிள்ளை வளரும் வீட்டைப் பற்றி அவற்றில் அரிதாகவே எதுவும் இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், மகளின் வீட்டில்தான் வசிக்கிறேன். என் பேரனுக்கு இப்போது 9 வயது. அவனைப் பற்றி அல்ல, அவனைச் சுற்றியிருக்கும் மற்ற மூவரைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மூன்று வயதாகியும் அவன் பேசாதபோது, "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்கா" என்று உறவுப் பெண்கள் மகளுக்கு ஆறுதல் சொன்னார்கள். பார்வை பார்த்தோம், நூல் கட்டினோம், நேர்த்தி வைத்தோம். இப்படியே ஒன்றரை வருடம் போய்விட்டது. வீட்டில் என் சொல்லுக்கு மதிப்பிருந்தும் நான் வாய் திறக்கவில்லை. அந்தக் காலதாமதத்தில் எனக்கும் பங்குண்டு.

ஓட்டிசம் என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து என் மகள், கர்ப்ப காலத்தில் தான் உண்டது, குடித்த மருந்து, பிள்ளைக்குப் போட்ட ஊசி, அவனை விட்டுவிட்டு முன்பள்ளியில் படிப்பிக்கப் போன நாட்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துத் தன்னையே குற்றம் சாட்டத் தொடங்கினாள். ஊராரும் அவளைத்தான் கேட்டார்கள். மருமகனை ஒருவரும் கேட்கவில்லை. தாயின் பாசக் குறைவால்தான் இது வருகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு நிபுணர்களே எழுதினார்கள். ஓட்டிசமுள்ள மகனுக்குத் தந்தையான அமெரிக்க உளவியலாளர் பேர்னாட் றிம்லண்ட், இது மூளை வளர்ச்சியோடு தொடர்புபட்டது, வளர்ப்பின் பிழையன்று என்று 1964இல் எடுத்துக்காட்டினார். தடுப்பூசி மீது பழி போட்டு 1998இல் வெளிவந்த கட்டுரையை அதை வெளியிட்ட மருத்துவச் சஞ்சிகையே 2010இல் மீளப்பெற்றுக்கொண்டது. இவற்றை நான் மகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆயினும் கிளினிக்கில் யாராவது ஒருவர் அவளை இருத்தி வைத்து, "இது உங்கள் பிழையில்லை" என்று சொல்லியிருந்தால், அது என் வார்த்தையை விட ஆழமாக அவள் மனதில் இறங்கியிருக்கும். அப்படி ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளையின் நிறையை அளந்தார்கள், கொப்பியில் எழுதினார்கள், அடுத்த திகதி கொடுத்தார்கள்.

பேச்சுச் சிகிச்சைக்காக விடியமுன் எழுந்து, பாதை எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து, குருமண்வெளியில் இறங்கிப் பஸ் பிடித்து நகரத்துக்குப் போய், அரை மணித்தியாலச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். மகள் முன்பள்ளி வேலையை விட்டது இதனால்தான். ஓட்டிசமுள்ள பிள்ளைகள் பலருக்கு இரவில் ஒழுங்காக நித்திரை வராது, எங்களுடையவனுக்கும் அப்படியே. தாயும் தகப்பனும் முறை வைத்துத்தான் கண் மூடுகிறார்கள். யானைக்காவலுக்கு வயல் வட்டையில் நிற்கவேண்டிய இரவுகளில் மருமகன் அங்கும் இங்குமாக ஓடுகிறார். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயிலின் குளிர்த்திச் சடங்குக்குக் குடும்பமாய்ப் போய் ஆறு வருடங்களாகின்றன. பறைமேளச் சத்தம் கேட்டால் அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறுவான், பார்ப்பவர்கள் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள்.

இவையெல்லாம் பெரியவர்கள் தாங்கிக்கொள்பவை. என்னை உறங்கவிடாமல் செய்வது என் பேத்தியின் நிலை. அவளுக்கு 13 வயது. அவள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த வருடம், ஒரு நாள் பாடசாலை விட்டு வந்தபோது, அவளுடைய மாதிரி வினாத்தாள்கள் முழுவதையும் தம்பி ஒரே அகலமான கீற்றுகளாகக் கிழித்து, விறாந்தையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். அவள் அழவில்லை. ஒரு கீற்றும் அசையாமல் சீருடையைத் தூக்கிப் பிடித்தபடி அடுக்கைத் தாண்டி உள்ளே போனாள். அடுக்குக் குலைந்தால் அவன் இரவிரவாகக் கத்துவான் என்பது அந்தப் பத்து வயதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து அவளுடைய கொப்பிகள் அலுமாரிக்கு மேலே ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்தான் இருக்கின்றன. சிநேகிதிகளை அவள் வீட்டுக்கு அழைப்பதில்லை. தனக்குக் காய்ச்சல் என்றால்கூடத் தாயிடம் சொல்லாமல் என்னிடம் வந்து குளிசை கேட்கிறாள்.

நமது பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் வீட்டைப் பெண் பிள்ளைக்கே எழுதிக் கொடுக்கும் வழக்கமுடையவர்கள். அண்மையில் அவள் என்னிடம், "அம்மப்பா, இந்த வீடு எனக்குத்தானே? அப்ப தம்பியும் எனக்குத்தானே?" என்று கேட்டாள். முறைப்பாடாகக் கேட்கவில்லை, கணக்கொன்றைச் சரிபார்ப்பதுபோலக் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நாளை கலியாணம் பேச வருபவர்கள் முதலில் விசாரிக்கப்போவதும் இதைத்தான் என்பதை அவள் இன்னும் அறியாள் என்று நம்புகிறேன்.

இது எங்கள் ஒரு வீட்டின் கதையாக மட்டும் இருக்க முடியாது. இலங்கையில் 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. அந்த ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு தாய் இருக்கிறாள். பல வீடுகளில் ஓர் அக்காவோ தம்பியோ இருக்கிறார்கள்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தவர் என்ற காரணத்துக்காக ஒருவருக்குக் கல்வி நிறுவன அனுமதியில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. ஆயினும் ஒரு பாடசாலையில் எங்கள் பிள்ளையைச் சேர்க்கப் போனபோது, மற்றப் பெற்றோர் முறையிடுவார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பிள்ளை பாடசாலையில் இருக்கும் நான்கு மணித்தியாலங்கள்தான் அந்தத் தாய் குளிப்பதற்கும் சமைப்பதற்கும் மூத்த பிள்ளையோடு இருந்து கதைப்பதற்கும் கிடைக்கும் நேரம் என்பதை, அனுமதி மறுப்பவர்கள் அறிவார்களா?

பேச்சு மொழிச் சிகிச்சைப் பட்டப்படிப்பை நடத்தும் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்துக்குக் கிழக்கின் தமிழ் பேசும் மாணவர்கள் கூடுதலாகச் சென்று, படித்துத் திரும்பி வரவேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். ஆனால் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், பிள்ளையைப் பார்த்து முடித்தபின் தாயிடமும், மூத்த பிள்ளையிடமும் "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டு, அதையும் கொப்பியில் ஒரு வரி எழுதுவதற்குக் காலம் எடுக்காது. பிரதேச செயலகங்கள் ஒவ்வொன்றும், வாரத்தில் இரண்டு பிற்பகல்களாவது இப்பிள்ளைகளைப் பாதுகாப்பாக வைத்திருக்க ஓர் இடத்தை ஒழுங்குசெய்யலாம். எங்கள் ஊரில் பல்தேவைக் கட்டடமொன்று பெரும்பாலான நாட்கள் பூட்டியே கிடக்கிறது. அதன் திறப்பையும், பிள்ளைகளை எப்படிக் கவனிப்பது என்ற பயிற்சியையும் தந்தால், அங்கே வந்து நிற்க நானும் என்னோடு படிப்பித்து ஓய்வுபெற்ற இருவரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.