சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை மீட்டுத் தரவும், வேலைநிறுத்தத்துக்கு முன் பேச்சுவார்த்தை நடத்தவும் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றின் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: கல்லூரி நிர்வாகம் பிடித்து வைத்திருக்கும் 58 ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை மீட்டுத் தருதல் – வேலைநிறுத்தம் தொடங்கும் முன் நிர்வாகத்தை அழைத்துப் பேசுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் ஏற்கெனவே அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். இது எங்களது நான்காவது மனு. முதல் மனுவை ஜூன் மாதத்தில், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்தோம். உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்று கைப்பேசிக்குத் தகவல் வந்தது. அந்தத் துறை இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. அந்த அலுவலகமோ, நாங்கள் எந்த நிர்வாகத்தைப் பற்றி முறையிட்டோமோ அதே நிர்வாகத்துக்கு எங்கள் மனுவை அனுப்பி விளக்கம் கேட்டது. எங்கள் கையெழுத்துகளோடு கூடிய நகல் தாளாளரின் மேசைமேல் கிடந்ததைக் கண்ணால் பார்த்தோம். அடுத்த இரண்டு மனுக்களுக்குப் பதிலே இல்லை. ஆகவேதான் இம்முறை கல்லூரியின் பெயரையும் எங்கள் பெயர்களையும் இந்தத் தாளில் எழுதாமல், ஒட்டிய உறையில் தனியே வைத்திருக்கிறோம். அந்த உறையைத் தாங்கள் மட்டுமே பிரிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

1. அரசு ஊதியம் பெறும் ஆசிரியர்களும், மாணவர் கட்டணத்திலிருந்து நிர்வாகமே சம்பளம் தரும் சுயநிதிப் பிரிவினரான நாங்களும் ஒரே வளாகத்தில், ஒரே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் மாணவர்களுக்குத்தான் பாடம் நடத்துகிறோம். எங்களில் பெரும்பாலோர் முனைவர் பட்டமோ, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட் தேர்ச்சியோ பெற்றவர்கள். சம்பளம் 14,000 முதல் 18,000 ரூபாய் வரை. மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. அதை இந்த மனுவில் நாங்கள் கேட்கவில்லை.

2. ஜூலை முதல் அக்டோபர் வரை நான்கு மாதச் சம்பளம் வரவில்லை. மாணவர்களிடமிருந்து கட்டணம் வசூலாகவில்லை என்று காரணம் சொல்கிறார்கள். கட்டணப் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை வகுப்பறையில் வாசிக்கச் சொன்னது எங்களைத்தான். செப்டம்பரில் அந்தப் பட்டியலில் எத்தனை பெயர்கள் மிச்சமிருந்தன என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

3. சம்பளத்தைவிட எங்களைக் கட்டிப்போட்டிருப்பது சான்றிதழ். பணியில் சேரும் நாளில், சரிபார்த்துவிட்டுத் தருகிறோம் என்று சொல்லி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து முனைவர் பட்டம்வரை அத்தனை அசல்களையும் வாங்கிக்கொள்கிறார்கள். ரசீது கிடையாது. ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதித் தருவதில்லை. அலுவலகத்தில் ஜன்னலை ஒட்டி நிற்கும் சாம்பல் நிற இரும்பு பீரோவுக்குள் அவை போகின்றன. சாவி தாளாளரிடம் இருக்கிறது. இதை எழுதும் நான் 2014இல் கொடுத்தேன். அதற்குப் பிறகு என் பட்டத்தை நான் பார்க்கவில்லை. ஐப்பசி மழை பெய்யும்போதெல்லாம் அந்த ஜன்னலில் சாரல் அடிக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். இந்த மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம் என்பது தாங்கள் அறிந்ததே.

எங்களுடைய கணிதத் துறை நண்பர் கடற்கரை ஊரைச் சேர்ந்தவர். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் வீட்டு ஓடுகள் பறந்தபோது, அவருடைய அம்மா முதலில் எடுத்துச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டது மகனின் சான்றிதழ்க் கோப்பைத்தான். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவர். புயலுக்குத் தப்பிய அந்தக் கோப்பை, அடுத்த ஆண்டு தன் கையாலேயே கொண்டுவந்து எங்கள் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்தார். அந்த அம்மா இன்றும் மகனிடம் கேட்கிறார்களாம், மக்களே, அது பத்திரமாக இருக்கிறதா என்று.

இந்த ஆண்டு அவருக்கு அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் பணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. அங்கே மாதம் 25,000 ரூபாய். அசல் இல்லாமல் வந்தால் பரிசீலிக்கப்படாது என்று அழைப்பிலேயே இருந்தது. ஒரே ஒரு நாளைக்குக் கொடுங்கள், மாலையில் திருப்பித் தருகிறேன் என்று இரண்டு நாள் அலுவலக வாசலில் நின்றார். வேலையை விட்டுப் போவதென்றால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். நான்கு மாதச் சம்பளத்தைத் தராதவர்கள் மூன்று மாதச் சம்பளத்தை அவரிடமே கேட்டார்கள்! சரிபார்ப்பு நாள் கடந்துவிட்டது. மறுநாள் காலை முதல் வகுப்புக்கு அவர் வந்து, கரும்பலகையில் தேதியை எழுதிப் பாடம் நடத்தினார். இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அவர் ஒருவர் மட்டும் அல்லர். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை. எங்களில் சிலருக்கு நாகர்கோவிலைவிட அது பக்கம். அங்கே போய் வேலை கேட்கவும் அசல் வேண்டும். வளைகுடாவில் இருக்கும் கணவரிடம் போக நினைக்கும் ஆங்கிலத் துறைச் சகோதரி, பட்டச் சான்றிதழுக்கு அரசின் சான்றொப்பம் பெற முடியாமல் இரண்டு ஆண்டுகளாகக் காத்திருக்கிறார். இருதய நோயாளியான தகப்பனாருக்காக வேலையை விட்டே ஆக வேண்டிய ஒருவர், சான்றிதழை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். இப்போது மார்த்தாண்டத்தில் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார்.

தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எங்களுக்கு யோசனை சொன்ன அதிகாரியும் உண்டு. அதற்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று பெற வேண்டும். தொலையவில்லையே! எந்த அறையில், எந்த பீரோவில் இருக்கிறது என்பதுவரை தெரிந்திருக்கிறதே! ஆசிரியர்கள் 58 பேர் காவல் நிலையத்தில் போய்ப் பொய் சொல்ல வேண்டுமா?

மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்தது. அந்த அறிவிப்பை எங்கள் கல்லூரியும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. சேர்க்கை நாளில் மாணவரின் சான்றிதழைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுப்பவர்கள் நாங்கள்தான். எங்களுடையதை யார் திருப்பித் தருவது?

4. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டம் நடந்தது. கல்லூரிக்குள் கூட முடியாது என்பதால் ஒரு நண்பரின் வீட்டுப் பின்புறத்தில், ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையில் கூடினோம். 53 பேர் வந்திருந்தார்கள். வேலைநிறுத்தம் செய்வதா வேண்டாமா என்று இரகசிய வாக்கெடுப்பு. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக எல்லோரும் ஒரே நீலப் பேனாவால் குறி மட்டும் இட்டு, ஒரே மாதிரி மடித்து, பிஸ்கட் டின்னில் போட்டோம்.

அதற்கு முன் மூன்று மணி நேரம் பேசினோம். அதில் இரண்டு மணி நேரம் மாணவர்களைப் பற்றித்தான். பருவத் தேர்வு நெருங்குகிறது. எங்கள் மாணவர்களில் பலர் விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டு வகுப்புக்கு வருகிறவர்கள், அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதந்தோறும் வரும் ஆயிரம் ரூபாயை நம்பிப் படிப்பவர்கள். அவர்களுடைய பாடம் நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் சனிக்கிழமைகளிலும் வகுப்பெடுத்துப் பாடத்திட்டத்தை முடிப்பது என்று முடிவு செய்த பிறகே வாக்கெடுப்புக்குப் போனோம்.

ஆம் என்று 34 சீட்டுகள். வேண்டாம் என்று 19. குறி மட்டும்தான் இட வேண்டும் என்று சொல்லியிருந்தும், அந்த 19இல் 7 சீட்டுகளில் எழுத்து இருந்தது. பெரிய எழுத்தில், அடையாளம் தெரியாதபடி எழுதியிருந்தார்கள். ஏழிலும் ஒரே செய்தி: சான்றிதழ் கைக்கு வந்தால் ஆம். எண்ணிக்கொண்டிருந்த மூவரும் சீட்டைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். அவர்களுடைய வாக்கும் அந்த பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது என்பதைத் தாங்கள் உணர வேண்டும். ஆம் என்று குறி இட்டவர்களும் பயமில்லாமல் இடவில்லை.

5. தொழிலாளர் துறைக்குப் போகலாமே என்று கேட்கலாம். போனோம். கோவாவின் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளர்' ஆகமாட்டார் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆகவே உங்கள் மனுவை எடுக்க முடியாது என்றார்கள். கல்வித் துறையில் கேட்டால், சுயநிதிப் பிரிவுக்கு நாங்கள் சம்பளம் தருவதில்லை, அது நிர்வாகத்துக்கும் உங்களுக்கும் உள்ள விஷயம் என்கிறார்கள். நிர்வாகத்திடம் கேட்டால் போகிறவர்கள் போகலாம் என்கிறார்கள். போக விட்டால்தானே போவதற்கு!

6. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டோடு எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. இந்த மாவட்டத்தில்தான் இது நடக்கிறது.

வேலைநிறுத்தம் நவம்பர் 24, திங்கட்கிழமை தொடங்கும் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டோம். அதற்குள் தாங்கள் நிர்வாகத்தையும் எங்களில் ஐவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேச வேண்டும். நான்கு மாதச் சம்பளத்துக்கு ஒரு தேதி வேண்டும். வாக்கெடுப்பில் பங்கெடுத்ததற்காக எவரையும் நீக்கக் கூடாது. இவை இரண்டும் பேச்சுவார்த்தையில் தீரலாம். சான்றிதழ் விஷயத்தில் பேசுவதற்கு ஒன்றுமில்லை. வருவாய்த் துறை அலுவலர் ஒருவரை அனுப்பி, அந்த பீரோவைத் திறக்கச் செய்து, பட்டியலிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு பிற்பகல் போதும் இதற்கு. நாகர்கோவிலிலிருந்து ஒரு மணி நேரப் பயணம், மார்த்தாண்டம் மேம்பாலத்தில் நெரிசல் இருந்தால் இன்னும் கால் மணி.

மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம், இந்த மனுவையும் உரிய துறைக்கு அனுப்பிவிடாதீர்கள். மீண்டும் வேண்டுகிறோம், முதலில் சான்றிதழ்கள். மற்றவற்றுக்கு அதன்பிறகு காத்திருக்கிறோம், இதுவரை காத்திருந்தவர்கள்தானே நாங்கள்.

வரும் திங்கட்கிழமை காலை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எங்களில் மூவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவோம். கணிதத் துறை நண்பரும் வருகிறார். தாங்கள் அழைக்கும்வரை வெளியே காத்திருப்போம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள்
(கையெழுத்துகள் உறையில் உள்ளன)

இடம்: நாகர்கோவில்
நாள்: 10.11.2025