மிதக்கத் தெரிந்த பேரனும் குளியலறை வாளியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைக்குழந்தைகளுக்கு நீச்சல் பழக்குவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

என் மகள் ஃபுளோரிடாவில் இருக்கிறாள். அங்கே வீட்டுக் கொல்லையிலேயே நீச்சல் குளம் இருப்பது சாதாரணம். பதினான்கு மாதப் பேரனைச் சட்டை, ஷூவோடு தண்ணீரில் விட்டு, தவறி விழுந்தால் புரண்டு மிதக்கப் பழக்கும் வீடியோவைச் சென்ற ஆண்டு அனுப்பினாள். பிள்ளை முங்கினான், புரண்டான், மல்லாந்து மிதந்தபடி வீறிட்டு அழுதான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. "அழுதா மூச்சு விடறான்னு அர்த்தம்மா" என்றாள்.

அதே பேரன் விடுமுறைக்கு வந்தபோது எங்கள் குளியலறையில் அரை வாளித் தண்ணீரில் தலைகீழாக விழுந்தான். நான் அடுப்படியில் இருந்தேன். சத்தமே வரவில்லை. ஏதோ தோன்றி எட்டிப் பார்த்தபோது இரண்டு கால்கள்தான் தெரிந்தன. அந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். கவிழ்ந்தால் நிமிர முடியாது. வாளிக்குள் புரள இடமேது? கற்ற வித்தை அங்கே செல்லாது.

தூக்கியதும் இருமினான், பிழைத்தான். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியவர் காலைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றச் சொன்னார். மகள் விடவில்லை. சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தைத் தின்னும், வாந்தி மூச்சுக்குழலில் இறங்கும். மூச்சு நின்றிருந்தால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும். 108-ஐ அழைக்க இன்னொருவர் ஓட வேண்டும். இதெல்லாம் அவளுக்கு அந்த நீச்சல் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததாம். அந்த மட்டில் வகுப்புக்குக் கொடுத்த காசு வீணில்லை.

ஒரு வயதுக்குமேல் நீச்சல் பழக்கினால் ஆபத்து குறையலாம், அதற்குக் கீழே பயன் இருப்பதாகச் சான்றில்லை என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு. 2021-இல் உலகில் நீரில் மூழ்கி இறந்த சுமார் 3 லட்சம் பேரில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயது நிரம்பாதவர்கள். அவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது தண்ணீரை நெருங்கவிடாத தடுப்பும் பெரியவர்கள் காவலும்தான். நீச்சல் பாடம் ஆறு வயதிலிருந்து. வங்கதேசத்தில் தாய்மார் வேலையாக இருக்கும் காலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊருக்குள் காப்பகம் நடத்துகிறார்கள். நமக்கு அங்கன்வாடி இருக்கிறது.

எனக்கு ஏழு வயதில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) என் முதுகில் சுரைப்புருடை (மிதக்க உதவும் காய்ந்த சுரைக்காய்க் குடுவை) கட்டிக் கிணற்றில் இறக்கினார். இன்று அந்தக் கிணற்றில் தண்ணீரும் இல்லை, இறக்கிவிட அப்புச்சியும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் பிள்ளைகள் என்னவோ குதிக்கத்தான் செய்கிறார்கள். அந்த வயதுக்கு நீச்சலைப் பள்ளிக்கூடம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுரையாளர் அடுத்து எழுதும்போது மூடியில்லாத தரைத்தொட்டிக்கும் வாளிக்கும் ஒரு பத்தி ஒதுக்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்