மேல்வீட்டுச் சத்தம்

லண்டன்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று வாசித்த பிறகுதான் நிம்மதி.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். கவுன்சில், அதாவது இங்குள்ள உள்ளூராட்சி மன்றம், வாடகைக்குக் கொடுக்கிற வீடுகளில் அக்கம்பக்கத்துத் தொல்லைகள் பற்றி வரும் முறைப்பாடுகளைப் பார்க்கிற பிரிவுக்கு என்னை மாற்றிவிட்டார்கள். மிரட்டல், கஞ்சா மணம், நாய், குப்பை என்று எல்லாம் வரும். ஆனால் ஓயாமல் வருவது சத்தம்தான்.

போன மாதம் ஒரு வயதான அம்மா, நாங்கள் கொடுத்த பதிவுத் தாளை நிரப்பிக் கொண்டுவந்தார். "2.10 தொம். 2.25 தொம். 3.00 வாஷிங் மெஷின்." நடுங்கும் கையெழுத்தில் நாலு பக்கம். மேல்வீட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பு என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை, நேரே போனேன். இரவு வேலை முடித்து வருகிற ஒரு பிள்ளை. நிலத்தில் வெறும் பலகை. முந்தியவர் வீட்டை விட்டதும் கார்ப்பெட்டைக் கழற்றி எறிந்தது நாங்கள்தான் மச்சான்! மெஷினுக்கு ரப்பர் விரிப்பு, தரைக்குக் கார்ப்பெட் போடவைத்தேன். இப்போது அந்த அம்மா நித்திரை கொள்கிறார். வீட்டுவசதிக் குறைகேள் அதிகாரியும் 2022இல் இதைத்தான் சொன்னார்: வீட்டுக்குள் நடமாடுகிற சத்தத்தைச் சமூக விரோத நடத்தையாக எழுதாதீர்கள், அதற்குத் தனி வழி வையுங்கள், வீடு காலியாகும்போதே தரையைப் பாருங்கள்.

ஆனால் பெரியதைச் சின்னதென்று தள்ளிவிடுவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. லெஸ்டர்ஷியரில் பியோனா பில்கிங்டன் என்ற தாயும் அவரது மாற்றுத்திறனாளி மகளும் 2007இல் காருக்குள் தீயில் இறந்துபோனார்கள். தெருப் பொடியன்களின் தொல்லை தாங்காமல் தாயே எடுத்த முடிவு அது. அந்தத் தொல்லை பற்றி அவர் பொலிசுக்கு 33 தடவை அறிவித்திருந்தார். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சம்பவமாகவே பார்த்தார்கள், சேர்த்துப் பார்க்க ஆளில்லை. சமூக விரோத நடத்தை பற்றிய 2014 சட்டத்தில் அதற்கு ஒரு வழி வந்தது. பெரும்பாலான இடங்களில், ஆறு மாதத்துக்குள் மூன்று முறை அறிவித்தும் பலன் இல்லையென்றால், பொலிசும் கவுன்சிலும் ஒன்றாக உட்கார்ந்து மீளாய்வு செய்ய வேண்டும் என்று கேட்கலாம். பாதிப் பேருக்கு இது தெரியாது. நான் போகிற வீடெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

இப்போது புது முறைப்பாடு வந்தால், அதே கதவிலக்கத்தின் பழைய தாள்களை முதலில் எடுத்து வாசிக்கிறேன். வேலை பிந்துகிறது என்கிறார்கள். பிந்தட்டும்.

அப்புறம், உன் கிழக்கு வேலிப் பிரச்சினை என்னவாயிற்று? போன கடிதத்தில் கதியாலைத் தள்ளி நட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். கிராம சேவகரிடம் போக முன்னம் அவர்களோடு ஒருதரம் கதைத்தாயா? எழுது.

உன் அன்பு நண்பன்