வீட்டுக்கு அனுப்பிய பிறகும் எங்களைத் தேடி வாருங்கள்

தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகனுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சுதான்: இன்று ரத்த அணு கவுண்ட் எவ்வளவு, நாளை முதுகில் ஊசி உண்டா, பிளேட்லெட் கொடுக்க யார் வருகிறார்கள். ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பித் தயிர்சாதம் கேட்பான். பிசைந்து ஊட்டுவேன். வேலை ஓயாததால் பயப்படக்கூட நேரமில்லை.

நோய் திரும்பி வந்தபோது, "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். டாக்டர் கண்கலங்கித்தான் சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் படி இறங்கியதோடு எல்லாம் அறுந்துபோனது. நடுராத்திரியில் வலியில் துடித்தால் யாரைக் கூப்பிடுவது? எதிர்வீட்டுப் பாட்டிக்குப் புண் கட்ட வந்த நர்ஸ் அம்மாவைத்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். காய்ந்த உதட்டை ஈரத்துணியால் ஒற்றுவது எப்படி, வலிக்காமல் திருப்பிப் படுக்கவைப்பது எப்படி என்று அவர்தான் காட்டிக்கொடுத்தார்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து வீடு தேடி வருகிறது. வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. அதில் குழந்தைகளுக்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர் மாவட்டத்துக்கு ஒருவராவது வேண்டும். கடும் வலியைக் குறைக்கும் மார்ஃபின் மருந்து கிடைப்பதை எளிதாக்க 2014-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். சரி, ஆனால் பச்சைப்பிள்ளைக்கு மார்ஃபினா என்று பெற்ற மனசு பதறுமே. பக்கத்தில் உட்கார்ந்து அளவு சொல்லி, பயம் தெளியவைக்க ஆள் வேண்டாமா?

அப்புறம், பிள்ளை போன பிறகு எங்களை யார் கணக்கில் வைக்கிறார்கள்? காரியம் முடிந்த மறுநாளே என் கணவர் வேலைக்குப் போனார். கல்நெஞ்சம் என்று நினைத்தேன். ஒருநாள் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் மகனின் ஆஸ்பத்திரிக் கைப்பட்டை இருந்தது. அதைப் பற்றி இருவரும் வாய்விட்டுப் பேச எட்டு மாதம் ஆனது. சொந்தக்காரர்கள் அவன் பேரையே எடுப்பதில்லை. "இன்னொன்று பெத்துக்கோ" என்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு மாதம் ஒருமுறை, ஒரு வருஷத்துக்காவது, பிள்ளையைத் தெரிந்த யாராவது ஆஸ்பத்திரி வார்டிலிருந்து ஃபோன் செய்து பேச ஏற்பாடு செய்யுங்கள்.

அப்படி யாராவது பேசினால் நான் கேட்க ஒன்று இருக்கிறது. கடைசி மூன்று நாள் அவன் கண்ணே திறக்கவில்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன். அது அவன் காதில் விழுந்திருக்குமா?

இப்படிக்கு,
ஒரு தாய்