மின்சாரம் இல்லாத இரவிலும் ஓர் ஒத்திகை நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் சிப்காட் ஆலைகளில் நடைபெறும் பாதுகாப்பு ஒத்திகை பற்றிய செய்திகள் தங்கள் இதழில் அவ்வப்போது வெளிவருகின்றன. சங்கு ஒலிக்கிறது, தொழிலாளர்கள் கூடுமிடத்தில் வரிசையாக நிற்கிறார்கள், தீயணைப்பு வண்டி தண்ணீரைப் பீய்ச்சுகிறது, அதிகாரிகள் பாராட்டிவிட்டுப் புறப்படுகிறார்கள். நான் பார்த்தவரையில் இவையெல்லாம் பட்டப்பகலில், மின்சாரம் இருக்கும்போது, சாலையில் தண்ணீர் தேங்காத நாளில் நடப்பவை. ரசாயன ஆலைகளில் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இதில் எனக்குள்ள ஒரு குறையை மட்டும் எழுதுகிறேன்.

வெப்பத்தை வெளியிடும் ரசாயன வினை நடக்கிற ஒரு ரியாக்டரை, அதாவது வினைக்கலனை, எடுத்துக்கொள்வோம். குளிர்நீர் நின்றால் வெப்பம் ஏறும்; வெப்பம் ஏற ஏற வினையின் வேகமும் கூடும்; ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் அதை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. அதனால்தான் மாற்று பம்ப், உயர்வெப்ப அலாரம், மூலப்பொருள் செல்வதைத் தானாக நிறுத்தும் இன்டர்லாக், வெளியேறும் வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பர் என்று அடுக்கடுக்காகக் காப்புகள் வைக்கிறார்கள். இடர் மதிப்பீடு செய்பவர்கள், ஓர் அடுக்கு பத்து முறையில் ஒரு முறை கைவிடும் என்று வைத்துக்கொண்டு, அவற்றில் மூன்று அடுக்குகள் ஒருசேரக் கைவிட ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான் என்று பெருக்கிக் காட்டுவார்கள். அந்த மூன்றும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால் மட்டுமே இந்தப் பெருக்கல் செல்லும். மாற்று பம்பும் ஸ்க்ரப்பர் பம்பும் ஒரே மின்பலகையிலிருந்து ஓடுமானால், தாளில் இரண்டாகத் தெரிபவை நடைமுறையில் ஒன்றுதான். அந்தப் பலகை நின்றால் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் அது மழைநீர் வடிகாலை ஒட்டி, தரைமட்டத்திலேயே இருந்தது. வாரந்தோறும் பத்து நிமிடம் சுமை ஏற்றாமல் ஓட்டிப் பதிவேட்டில் குறித்துவிடுவார்கள். எஞ்சின் கிளம்புகிறது என்பதற்கு அது சான்று. இரண்டு பெரிய பம்புகளையும் ரியாக்டரின் கலக்கியையும் சேர்த்து இழுக்கும் என்பதற்கு அது சான்றாகாது. ஆனால் மதிப்பீட்டுப் படிவத்தில் ‘மாற்று மின்சாரம் உண்டு’ என்ற ஒரே வரியோடு விஷயம் முடிந்துவிட்டது.

இது வெறும் கற்பனை அச்சமில்லை. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், கிராஸ்பி என்ற ஊரிலுள்ள அர்கெமா ஆலையில் நடந்தது இதுவே. குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய ஆர்கானிக் பெராக்சைடுகள் அங்கே இருந்தன. வெள்ளத்தில் மின்சாரம் போனது, ஜெனரேட்டர்களும் மூழ்கின, குளிர்சாதன வண்டிகளுக்கு மாற்றியும் காப்பாற்ற முடியாமல் சரக்கு தானே சிதைந்து தீப்பற்றியது. சுற்றிலும் ஒன்றரை மைல் தொலைவுக்கு மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. யாரும் தவறான வால்வைத் திறக்கவில்லை. ஒரே வெள்ளம் எல்லா அடுக்குகளையும் வரிசையாக வீழ்த்திவிட்டது. 1984இல் போபாலில் காரணம் வேறு என்றாலும், குளிர்பதனம் நிறுத்தப்பட்டும், வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டும் இருந்ததால், அங்கேயும் காப்புகள் ஏட்டளவில்தான் இருந்தன.

நம் ஊருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2015இல் பெருவெள்ளம் வந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியதும், சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூரைச் சூழ்ந்தது. சிப்காட் வளாகமோ உப்பனாற்றின் கரையில் இருக்கிறது. இத்தகைய இடத்தில் புயல், வெள்ளம், மின்தடை மூன்றையும் தனித்தனி இடர்களாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் கடற்கரையில் அவை சேர்ந்தே வருகின்றன.

அபாயகரமான ரசாயனங்களைக் கையாளுவதற்கான 1989ஆம் ஆண்டு விதிகள், ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், ஆலைக்கு வெளியே ஆண்டுக்கு ஒருமுறையும் ஒத்திகை நடத்தச் சொல்கின்றன. ரசாயன விபத்துகள் குறித்த 1996 விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் அமையும் நெருக்கடிக் குழு 45 நாட்களுக்கு ஒருமுறை கூட வேண்டும். ஆகவே புதிதாகச் சட்டம் எதுவும் தேவையில்லை. உள் ஒத்திகைகளில் ஒன்றை வடகிழக்குப் பருவமழைக்கு முன், உற்பத்தி நிறுத்தப்பட்ட பராமரிப்பு நாளொன்றின் இரவில், மின்வாரிய இணைப்பைத் துண்டித்து நடத்துமாறு அந்தக் குழு அறிவுறுத்தலாம். அன்று எந்தக் காப்பு மின்சாரமின்றியும் நின்று வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது ஒரே இரவில் தெரிந்துவிடும். மேல்தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தணிப்புநீர், தன்னை இயக்கும் காற்றழுத்தம் போனதும் ஸ்பிரிங் விசையால் பாதுகாப்பான நிலைக்குத் திரும்பும் வால்வு போன்றவற்றுக்குக் கூடுதல் மதிப்பு தர வேண்டும். தரைமட்ட ஜெனரேட்டரை மேடை கட்டி ஏற்றும் வரை அதை ஓர் அடுக்காகவே எண்ணக் கூடாது.

குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் மக்களுக்கு, ஆபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிவிப்பதும் அதே 1989 விதிகள் விதித்த கடமைதான். வாயு கசிந்தால் காற்று வீசும் திசையிலேயே ஓடாமல் அதற்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும் என்பது எத்தனை வீடுகளில் தெரியும்? ஆலையின் எச்சரிக்கைச் சங்கும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது என்பதால், கையால் சுழற்றும் சங்கு ஒன்றையும், மின்கலத்தில் இயங்கும் ஒலிபெருக்கி ஒன்றையும் சுற்றியுள்ள ஒவ்வோர் ஊராட்சியிலும் வைக்க மாவட்ட நிர்வாகம் இந்த மழைக்காலத்துக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கடலூர் முதுநகர்